எமரன்சியாவுக்குத் துணி எடுத்த கதை

சிப்பிமுனையில் வீட்டுக்கு வீடு டயல் போன் வருவதற்கு முந்தின காலத்தில், ஊரில் யார் யாரோடு பேச வேண்டுமென்றாலும் அந்தப் பேச்சு எமரன்சியாவின் கைவழியாகத்தான் போக வேண்டியிருந்தது. ஐஸ் கம்பெனிக்காரர் போனைத் தூக்கினாலும், டாக்டர் தூக்கினாலும், கோயில் சாமியார் தூக்கினாலும், தபாலாபீசின் பின்கட்டில் இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு எதிரே நின்ற பலகையில் சின்னதாக ஒரு மூடி விழும். அவள் காதில் மாட்டிய கருவியோடு குனிந்து "சொல்லுங்க" என்பாள், ஒரு கயிற்றை எடுத்து ஒரு துளையில் செருகுவாள், "பேசுங்க" என்பாள், அதற்குப் பிறகு கொழும்பும் பம்பாயும் கொச்சியும் எங்கள் ஊரோடு பேசும். பிள்ளை பிறந்ததும் கப்பல் கரைதட்டியதும், பெண் பார்க்க வருவதாகச் சொன்னதும் வரவில்லை என்று சொன்னதும், எல்லாம் அவள் தோளில் தொங்கிய அந்தக் கயிறு வழியாகத்தான் ஊருக்குள் வந்தன. பள்ளிக்கூடப் படிப்பு முடித்த கையோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், படுக்கையில் விழுந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டு, தம்பியைப் படிக்கவைத்துக் கல்யாணமும் செய்துவைத்து, காதுக்கருவி அழுத்திய இடத்தில் முடி நரைக்கத் தொடங்கிய பிறகும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

போனில் அவளோடேயே தினமும் பேசிய ஒரே ஒரு ஆள் லைன்மேன் சவரிராயன். வடக்கன்குளத்துக்காரர், கல்யாணம் ஆகாதவர், ஒல்லியான உயரமான மனுஷன். உப்பளங்களுக்கு மேலே போன கம்பி கடற்காற்றில் துருப்பிடித்து அறுந்துகொண்டே இருக்கும் என்பதால், அவர் ஏதாவது ஒரு கம்பத்தின் உச்சியில்தான் எப்போதும் இருப்பார். கம்பியைக் கட்டி முடித்ததும், லைனைச் சோதிக்கத் தோளில் கொண்டுபோகிற கைபோனை அதில் மாட்டி, "எக்ஸ்சேஞ்ச், லைன் டெஸ்ட், கேக்குதா?" என்பார். "கேக்குது" என்பாள் எமரன்சியா. முதல் சில வருஷங்கள் அவ்வளவுதான். பிறகு அவர் ஒருநாள், உப்பளத்தில் பூநாரை இறங்கியிருக்கிறது என்று சேர்த்துச் சொன்னார். இன்னொரு நாள், இங்கிருந்து பார்த்தால் உங்கள் ஆபீஸ் ஓட்டில் பூனை படுத்திருப்பது தெரிகிறது என்றார். ஜன்னல் இல்லாத அறையில் இருந்த எமரன்சியா, வெளியே மேகம் எந்தப் பக்கம் போகிறது, கட்டுமரங்கள் திரும்பிவிட்டனவா என்பதையெல்லாம் அவர் குரல் வழியாகத்தான் பார்த்தாள். நேரில் எப்போதாவது எதிரே வந்தால் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள்.

மதுரையிலிருந்து பெட்டி பெட்டியாகப் புது மிஷின் வந்து இறங்கி, இனிமேல் கயிறும் வேண்டாம், செருகவும் வேண்டாம், அவரவர் வீட்டிலிருந்தே டயலைச் சுற்றிக்கொள்ளலாம் என்று ஆனபோது, பழைய பலகை வேலைசெய்த கடைசி நாளில், சவரிராயன் உப்பளத்து நடுக் கம்பத்தில் ஏறி கைபோனை மாட்டினார்.

"எக்ஸ்சேஞ்ச், நாளையில இருந்து டெஸ்ட் பண்ணினா மிஷின்தான் பதில் சொல்லுமாம். எனக்கு மிஷினோட பேச வராது. நாம கல்யாணம் பண்ணிக்கிடலாமான்னு கேக்குதேன்" என்றார். பதில் வரும்வரை கம்பத்தை விட்டு இறங்காமல் வெயிலில் காத்திருந்தார்.

"நல்லா கேக்குது" என்றாள் எமரன்சியா.

அவளுக்குக் கல்யாணம் என்றதும் ஊரே தன் வீட்டுக் கல்யாணம்போலச் சந்தோஷப்பட்டது. எங்கள் ஊரில் மணப்பெண் வெள்ளைக் கவுன் போட்டுத்தான் கோயிலுக்குப் போவாள். நாற்பதைத் தாண்டியவளுக்குக் கவுன் எதற்கு, ஒரு வெள்ளைப் புடவை போதாதா என்று சில பேர் சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் எமரன்சியாவின் தம்பி மனைவி பிரிஜித்தா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பாதி ஊருக்குக் கல்யாணக் கவுன் தைத்தவள் அவள். நாத்தனார் சம்பளத்தில் கட்டின வீட்டில் உட்கார்ந்துகொண்டு நாத்தனாருக்குக் கவுன் தைக்காவிட்டால் தையல் மெஷினைத் தூக்கிக் கடலில் போட்டுவிடுவேன் என்று சொல்லி, எமரன்சியாவின் கையைப் பிடித்துக்கொண்டு மீரான் பாய் ஜவுளிக்கடைக்கு வந்தாள்.

மீரான் பாய் கடையில் வெள்ளைத் துணிக்கென்றே ஒரு சுவர் உண்டு. சாட்டினும் ஜார்ஜெட்டும், நெட்டும் பாப்ளினும், ஆர்கண்டியும் வாயிலும் ஒன்றின்மேல் ஒன்றாக உத்தரம்வரை அடுக்கியிருக்கும். வெயில் உள்ளே விழுகிற நேரத்தில் உப்பளத்தைப் பார்க்கிற மாதிரி கண் கூசும். அவர் முதலில் ஒரு சாட்டின் கட்டை இறக்கி விரித்தார். பிரிஜித்தா அதன் ஒரு முனையை எடுத்து எமரன்சியாவின் இடது தோளில் போட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். அப்போது அந்தத் துணி பேசியது.

"ஹலோ, ஹலோ, கேக்குதா? கொழும்புல இருந்து மரியான் பேசுதேன். சரக்கு ஏத்தி முடியல. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னு கேட்டுச் சொல்லு."

பிரிஜித்தா துணியை எடுத்து, நெசவில் இழை விட்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். எடுத்ததும் சத்தம் நின்றது. மறுபடி போட்டாள். மறுபடி மரியான், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டார்.

"இதுல சத்தம் வருதே பாய், வேற காட்டுங்க" என்றாள்.

"சாட்டின் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். வழுவழுன்னு இருக்கதால தூரத்து லைன் எல்லாம் வந்து ஒட்டிக்கிடும் போலிருக்கு" என்று சொல்லிக்கொண்டே மீரான் பாய் பாப்ளினை இறக்கினார்.

பாப்ளினில் உள்ளூர் போன் கால்கள் வந்தன. ஐஸ் கம்பெனிக்காரர் லாரி வரவில்லை என்று கத்தினார், ஏதோ ஒரு பெண் டாக்டரம்மாவை உடனே வரச் சொன்னாள். நெட் துணியில் வந்ததெல்லாம் விட்டுவிட்டுத்தான் கேட்டது, பாதி வார்த்தை ஓட்டை வழியாக விழுந்துவிட்டது மாதிரி. ஜார்ஜெட்டை எமரன்சியாவின் தோளில் போட்டதும் ஊரில் மரியாதையாக இருக்கிற ஒரு மனுஷன், தன் மனைவி அல்லாத ஒரு பெண்ணிடம் மிகவும் பிரியமாகப் பேசத் தொடங்கினார். மீரான் பாய் சட்டென்று அதை எடுத்து மடித்து, ஏணி போட்டு ஏறி, யாருக்கும் எட்டாத தட்டில் வைத்துவிட்டு, இறங்கி வந்து, அதற்குப் பிறகு அந்தத் துணியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அன்றைக்குத் துணி எடுக்காமலே இரண்டு பெண்களும் வீடு திரும்பினார்கள். ஆனால் பிரிஜித்தா போகிற வழியில் மரியானின் வீட்டுக்குப் போய், உங்க வீட்டுக்காரர் மீரான் பாய் கடையில் ஒரு சாட்டினில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மரியான் செத்து எத்தனையோ வருஷம். அவர் மனைவி மறுநாள் காலையில் குளித்து, நல்ல சேலை கட்டி, கடை வாசலில் எமரன்சியா வருவதற்காகக் காத்திருந்தாள். காய்ச்சலில் கிடந்த அந்தப் பிள்ளையும் பெரிய ஆளாக, மீசையோடு, கூட வந்திருந்தான்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. கயிறு தொங்கித் தொங்கி அந்தத் தோளில் பேச்செல்லாம் ஊறிவிட்டது என்று சில பேர் சொன்னார்கள். பழைய பலகையைக் கழற்றியதும் உள்ளே இருந்த குரல்கள் போக இடமில்லாமல் துணிக்குள் போய்விட்டன என்று சில பேர் சொன்னார்கள். ஆனால் யாரும் அதைப் பற்றி நெடுநேரம் வாதாடவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் கேட்க வேண்டிய ஒரு குரல் இருந்தது. மீரான் பாய் பெஞ்சு போட்டார், பானையில் தண்ணீர் வைத்தார். எமரன்சியாவுக்கென்று ஒரு நாற்காலி போட்டார். மிஷின் வந்ததால் அவளுக்கு ஆபீசில் வேலை குறைந்திருந்தது. மத்தியானத்துக்கு மேல் வந்து உட்காருவாள், ஒவ்வொரு கட்டாக அவள் தோளில் விரிப்பார்கள். ஒரு குரல் கேட்டு யாருடையது என்று தெரிந்ததும், சம்பந்தப்பட்டவர்களைத் தவிர மற்ற எல்லாரும் தாங்களாகவே வெளியே போய், வெயிலில் நின்று பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாருடையது என்று தெரியாத குரல் வந்தால் தெருவில் கூப்பிட்டுக் கேட்பார்கள்: "ஒரு ஆள் கருவாட்டுக் கூடையோட மணியாச்சி ஸ்டேஷன்ல நிக்கிறாராம், யாரு வீட்டு ஆளு?" சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், அடுத்தவர் பேச்சைக் கேட்பது பாவம் என்பதால் அவரவர் போனை மட்டும் கேட்க வேண்டும் என்று சொன்னார். திங்கட்கிழமை அவரே வந்து, செமினரியில் படித்தபோது அவருடைய அம்மா பேசிய ஒரே ஒரு போன் கால் எந்தத் துணியிலாவது இருக்கிறதா என்று மெல்லிய குரலில் விசாரித்தார். இருந்தது. காடாத் துணியில் இருந்தது. அவர் அங்கியின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனதை நாங்கள் வெளியே நின்று பார்த்தோம்.

இப்போது நினைத்தால் அந்த மாதங்கள்தான் எங்கள் ஊர் மிகவும் நன்றாக இருந்த மாதங்கள் என்று தோன்றுகிறது. சண்டை குறைந்திருந்தது. இறந்தவர்கள் நம்மோடு பேசியதெல்லாம் எவ்வளவு சாதாரணமான விஷயம் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது; குடையை மறந்துவிட்டேன், சட்டைக்குப் பித்தான் தைத்து வை, மாட்டுக்குத் தண்ணி காட்டினாயா, இவ்வளவுதான் பேசியிருந்தார்கள், அதைக் கேட்கத்தான் நாங்கள் வரிசையில் நின்றோம்.

எல்லாரையும்விட அதிகமாக வந்தவர் சந்தியாகம்மாள். அவருடைய ஒரே மகன் குலாஸ், சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவன், கப்பல் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. போவதற்கு முன்னால் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து தபாலாபீஸ் போனுக்குப் பேசிய கடைசி போன் கால், ஒரு ஆர்கண்டித் துணியில் இருந்தது. "அம்மா, நாந்தான். நல்லா இருக்கேன். இங்க ஒரே மழை. நீ சாப்பிட்டியா?" என்று அவன் கேட்பான். சந்தியாகம்மாளின் அந்தக் காலத்துக் குரலும் அதிலேயே கேட்கும், சாப்பிட்டேன், சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா என்று. பேச்சு முடிந்து "வச்சிரட்டா மக்கா" என்று தன் குரல் சொல்லும் இடம் வந்ததும், போனை வைக்கிற சத்தத்தைக் கேட்கப் பிடிக்காமல், போதும் எடுத்துரு என்பார். எமரன்சியா தோளிலிருந்து துணியை எடுத்துவிடுவாள். மறுநாள் திரும்பவும் வருவார்.

இதற்கு நடுவில் கல்யாணம் என்று ஒன்று இருந்ததை ஊர் மறக்கவில்லை, மறந்தது மாதிரி நடந்துகொண்டது. இன்னாருக்கு இன்னாரோடு கல்யாணம் என்று கோயிலில் மூன்று தடவை அறிவிக்கிற ஓலையில் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது, இரண்டாம் ஓலையும் வாசித்தாகிவிட்டது, பிரிஜித்தா மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துவிட்டாள். ஆனால் கவுன் தைக்கத் துணி இல்லை. எந்தத் துணியைத் தொட்டாலும் யாராவது ஒருத்தர் பதறிக்கொண்டு எழுந்து, அதில எங்க அப்பா இருக்காவ, வெட்டிராதிய என்றார்கள். துணியை வெட்டினால் பேச்சும் வெட்டுப்பட்டுப் போகும் என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தங்கள் தங்கள் துணி மாறிவிடாமலிருக்க அதன் ஓரத்தில் கலர் நூல் கட்டிவைத்தார்கள். வெள்ளைச் சுவர் முழுக்கச் சிவப்பும் பச்சையும் நீலமுமாக நூல் தொங்கியது. மீரான் பாய் மதுரைக்குப் போய்ப் புதுக் கட்டுகள் கொண்டுவந்தார், அவையும் எமரன்சியாவின் தோளில் பட்ட உடனே பேச, சாயங்காலத்துக்குள் அவற்றுக்கும் நூல் கட்டிவிட்டார்கள். கவுன் தைத்து, கல்யாணம் முடிந்து, சவரிராயனோடு அவள் அவருடைய ஊருக்குப் போய்விட்டால் பிறகு எந்தத் தோளில் துணியைப் போடுவது என்ற பயமும் எங்களுக்கு இருந்தது. எங்களில் நாலைந்து பெரியவர்கள் சவரிராயனைப் போய்ப் பார்த்து, கோயில் திருவிழா முடியட்டுமே என்றார்கள். அவர், அவுகளைக் கேளுங்க என்றார். எமரன்சியாவைக் கேட்டோம். யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத எமரன்சியா, சரி என்றாள். திருவிழா முடிந்தது. மழைக்காலம் முடியட்டுமே என்றோம். அதற்கும் சரி என்றாள். பிரிஜித்தா மட்டும் நடுத்தெருவில் நின்று, உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இப்படிச் செய்வியளா என்று எங்கள் எல்லாரையும் திட்டினாள்.

மழைக்காலத்தின் நடுவில் சவரிராயனுக்கு வடக்கன்குளத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவர் கடைக்கு வந்தார். அவர் வந்ததைப் பார்த்ததும் நாங்கள் வெளியே போய்விட்டோம். ஆனால் மழை பெய்துகொண்டிருந்ததால் கூரைக்குக் கீழேதான் நிற்க வேண்டியிருந்தது, அதனால் பேசியது எங்களுக்குக் கேட்டது.

"எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார் சவரிராயன். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இத்தனை துணி பேசுதே, நாம பேசினது எதுலயாவது வந்துதா?"

ஒவ்வொரு புதுக் கட்டையும் தோளில் போடும்போது அவள் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

"வரல" என்றாள். "எல்லாத்துலயும் பாத்துட்டேன். உப்பளம் வரல, பூநாரை வரல, ஒண்ணுமே வரல."

"வராது" என்றார் அவர். "இதெல்லாம் நீங்க அடுத்தவுகளுக்கு எடுத்துக் குடுத்த பேச்சு. நம்மது நமக்குள்ள பேசினது. அது தொலையாது, ஆனா கடையிலயும் கிடைக்காது. திரும்பக் கேக்கணும்னா திரும்பப் பேசத்தான் வேணும்." குடையை விரித்துக்கொண்டே, "துணி உங்களுக்குப் பிடிச்சதா எடுங்க. யாரோட குரலும் இருக்கா இல்லையான்னு பாக்காம, துணியா மட்டும் பாத்து எடுங்க. எடுத்ததும் சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் எமரன்சியா நாற்காலியில் உட்காரவில்லை. சுவருக்குப் பக்கத்தில் நின்று, துணிகளை ஒவ்வொன்றாக, தோளில் போடாமல், விரலால் மட்டும் தொட்டுப் பார்த்தாள். சாட்டின் கையில் நிற்காமல் வழுக்கியது. ஜார்ஜெட் கடற்காற்றில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நெட் போட்டால் வயசுக்குச் சரியாக இருக்காது. பாப்ளின் நர்சு உடுப்பு மாதிரி. ஆர்கண்டியைத் தொட்டதும் கை அங்கேயே நின்றது. புதுக் காகிதம் மாதிரி மொறுமொறுப்பாக, அதே நேரத்தில் எடையே இல்லாமல், தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கிற வெளிச்சம் பால் மாதிரி தெரிகிற துணி. எவ்வளவு காற்றடித்தாலும் தன் வடிவத்தில் தான் நிற்கும். அதன் ஓரத்தில் ஊதா நூல் கட்டியிருந்தது. அது யாருடைய நூல் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

சந்தியாகம்மாள் வழக்கமான நேரத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். எமரன்சியா அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். எங்களுக்கு வெளியே போகக் கால் வரவில்லை.

"மாமி, கவுனுக்கு இந்தத் துணி எனக்கு வேணும்" என்றாள்.

எமரன்சியா யாரிடமும் எதையும் வேணும் என்று கேட்டு நாங்கள் அதுவரை கண்டதில்லை. சந்தியாகம்மாள் ஊதா நூலை விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு தடவை போடு" என்றார் கடைசியில்.

எமரன்சியா உட்கார்ந்து ஆர்கண்டியைத் தோளில் போட்டாள். மழை பெய்தது, குலாஸ் நல்லா இருந்தான், அம்மா சாப்பிட்டாளா என்று கேட்டான், அம்மா சாப்பிட்டிருந்தாள். வச்சிரட்டா மக்கா என்ற இடம் வந்தது. எமரன்சியாவின் கை துணியை எடுக்கப் போனது. சந்தியாகம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். போனை வைக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் துணி பேசியது.

"அம்மா வச்சிட்டாவளாக்கா?"

"வச்சிட்டாவ தம்பி" என்றது எமரன்சியாவின் இளவயதுக் குரல். "நீ காசு கட்டின நேரம் இன்னும் மிச்சம் இருக்கு. திரும்பக் கூப்பிடட்டா?"

"வேண்டாம்க்கா, அழுவாவ. நீங்க பேசுங்க. ஊர்ல என்ன காத்து?"

"கொண்டல்."

"கோயிலுக்கு வெள்ளை அடிச்சாச்சா?"

"பாதி அடிச்சிருக்கு. சாரம் இன்னும் பிரிக்கல."

"உங்க வீட்ல இன்னிக்கி என்ன குழம்பு?"

"சாளை."

அவன் சிரித்தான். அப்படிச் சிரிப்பவன் என்பதை நாங்கள் எல்லாரும் மறந்தே போயிருந்தோம். "மாங்கா போட்டதா?" என்று கேட்டான். போட்டதுதான் என்றாள் எமரன்சியா. அதற்குப் பிறகு மழைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. ரெண்டு பேரும் போனை வைக்காமல் அந்த மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் போல. நேரம் முடிஞ்சிட்டு தம்பி என்று அவள் சொன்னதும், சரிக்கா என்றான். துணி அமைதியானது.

"இதை நீ எனக்குச் சொல்லவே இல்லையே" என்றார் சந்தியாகம்மாள்.

"உங்க பிள்ளையோட நேரம் அது. நான் எடுத்துக்கிட்ட மாதிரி இருந்துது. எப்படிச் சொல்லன்னு தெரியல மாமி."

"நேரம் தாண்டிக் காசு ஏறிருமோன்னு நான் பயந்துபோய்ப் பாதியில வச்சிட்டேன். மிச்சத்துக்கு நீ இருந்திருக்க." சந்தியாகம்மாள் குனிந்து, ஊதா நூலின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். "அவன் தனியா நிக்கலங்கறது போதும் எனக்கு. பாய், கத்தரிக்கோல் எடுங்க. காத்துக்கு நல்லா விரிஞ்சு நிக்கிற மாதிரி பாவாடைக்கு நிறையத் துணி விட்டு வெட்டுங்க."

மீரான் பாய் அளந்தார். அளக்கும்போது ஒருதரமும் வெட்டும்போது ஒருதரமும் பிஸ்மி சொன்னார். கத்தரிக்கோல் போன வழியில், ஆர்கண்டியை வெட்டினால் என்ன சத்தம் வருமோ அந்தச் சத்தம் மட்டும் வந்தது. சந்தியாகம்மாள் கடைசிவரை பக்கத்தில் நின்று, துணி நழுவாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் வந்து தங்கள் நூலை அவிழ்த்துக்கொண்டார்கள். மரியானின் மனைவி, மகனுக்கு அந்த சாட்டினில் ஒரு சட்டை தைத்துக் கொடுக்கச் சொன்னாள். ஐஸ் கம்பெனிக்காரர் மட்டும் தன்னுடைய பாப்ளினை முழுக் கட்டாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் பூட்டினார், அது எதற்கு என்று அவருக்கும் தெரிந்திருக்காது. எட்டாத தட்டில் இருந்த ஜார்ஜெட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் ஓலை வாசித்து, அடுத்த திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. பிரிஜித்தா ராவும் பகலுமாகத் தைத்த கவுனில், கை நீளமாகவும் கழுத்து மூடியும் இருந்த அந்தக் கவுனில், எமரன்சியா கோயிலுக்குள் நடந்து வந்தபோது, எங்களில் சில பேர், இல்லை என்று சொல்ல முடியாது, காதைக் கூர்மையாக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம். ஆர்கண்டி நடைக்கு நடை சரசரத்தது. வேறொன்றும் சொல்லவில்லை. சவரிராயன் பீடத்துக்குப் பக்கத்தில் புதுச் செருப்போடு, கம்பத்தில் நின்று பழகினவர் தரையில் எப்படி நிற்பது என்று தெரியாத மாதிரி நின்றார். மோதிரம் மாற்றும்போது அவர் ஏதோ மெல்லச் சொன்னார், எமரன்சியா சிரித்தாள். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தபோது கடல் பக்கமிருந்து பெருங்காற்று அடித்தது. பாவாடை படகுப் பாய் மாதிரி விரிந்தது. சந்தியாகம்மாள் குனிந்து, ஓரம் மணலில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுவரை நடந்தார்.

அதற்குப் பிறகு துணிகள் பேசினவா என்று எங்களால் சொல்ல முடியாது, போட்டுப் பார்க்கத் தோள் இல்லை. மீரான் பாய் கடையில் துணி துணியாக விற்றது, பெண்கள் வெளுக்குமா சாயம் போகுமா என்று மட்டும் கேட்டு வாங்கினார்கள். வீட்டுக்கு வீடு டயல் போன் வந்தது. சுற்றினால் மணியடித்தது, எடுத்தார்கள், பேசினோம், வைத்தோம். நடுவில் யாரும் "பேசுங்க" என்று சொல்லவில்லை. முதல் சில மாதங்கள் போனை எடுத்ததும் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்து, பிறகு ஞாபகம் வந்து நாங்களாகவே பேசத் தொடங்கினோம்.

வருஷம் ஒன்று போயிருக்கும். ஒருநாள் சந்தியாகம்மாள் மீரான் பாய் கடைக்கு வந்து, வடக்கன்குளத்தில் சவரிராயன் வீட்டுக்கு ஆபீஸ் போன் கொடுத்திருக்கிறார்களாமே, அந்த நம்பரைச் சுற்றிக் கொடுங்கள் என்றார். அவருக்கு எண்களைச் சுற்றத் தெரியாது. மீரான் பாய் சுற்றி, மணியடிக்கிறது என்று தெரிந்ததும் அவர் கையில் கொடுத்தார்.

"ஹலோ" என்றது எமரன்சியாவின் குரல். "யாரு வேணும்? அவிய வேலைக்குப் போயிருக்காவ. வந்ததும் சொல்லட்டா?"

"நீதான் வேணும்" என்றார் சந்தியாகம்மாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று சந்தியாகம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"மாமியா? என்ன மாமி, யாருக்காவது உடம்புக்கு முடியலையா? ஊர்ல ஏதும் விசேஷமா?"

"ஒண்ணும் இல்ல மக்கா. ஒரு சேதியும் இல்ல. சும்மா உங்கூடப் பேசணும்போல இருந்துது."

ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. எமரன்சியா உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்ததும், சந்தியாகம்மாளும் கடைப் பெஞ்சில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, அடுத்த வீட்டுக்காரி புதுசாக வாங்கின ஆட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.